வாக்கை மறந்த நாகினி



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் செலவு, மாமி மருமகள் மனக்கசப்பு என்பவை பற்றியவை. ரி.வி. நாடகங்களைப் பற்றி யாராவது எழுதினால், "அவற்றைப் பார்க்க வேண்டாம் என்று எழுதுங்கள்" என்றுதான் எழுதுகிறார்கள். பார்க்கிறவர்கள் கடிதம் எழுதுவதில்லை. அவர்கள் கலியாண வீட்டுக் குசினியிலே, வெங்காயம் வெட்டிக்கொண்டே பேசுகிறார்கள். மடவளையில் நான் போன கலியாண வீடுகளில் 'நாகினி'யைப் பற்றிப் பேசாத குசினி மிகக் குறைவு. எனவே இம்மாதம் இந்தப் பக்கம் குசினிக்காரர்களுக்கு.

'நாகினி' பார்த்த ஆட்களிடம் நாலாம் பாகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகம் ஒரு மாதிரிப் போகும். "கொரோனா வந்து கெடுத்துப்போட்டுது" என்பார்கள். கொரோனா மட்டும்தான் கெடுத்ததா என்பது எனக்கு நீண்ட நாள் கேள்வி.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏக்தா கபூரின் பாலாஜி டெலிபிலிம்ஸ் நிறுவனம் தயாரித்து, இந்தியாவின் கலர்ஸ் அலைவரிசையில் 2015 நவம்பரில் தொடங்கிய இந்தி நாடகம் இது. நினைத்த உருவம் எடுக்கும் பாம்புப் பெண் ஒருத்தி, தன் தாய் தகப்பனைக் கொன்றவர்களைப் பழிவாங்க அவர்களுடைய வீட்டுக்குள் நுழைகிறாள். அந்த வீட்டு மகனையே கலியாணம் முடிக்கிறாள். பிறகு அவன்மீது உண்மையாகவே அன்பு வந்துவிடுகிறது. முதலாம் பாகத்தில் சிவன்யாவாக மௌனி ராய், கணவன் ரித்திக்காக அர்ஜுன் பிஜ்லானி. இந்தியாவில் அந்த நாட்களில் ரேட்டிங் கணக்கில் முன்னுக்கு நின்ற நாடகம். 2016இல் தமிழில் குரல் மாற்றி சன் ரி.வி.யில் வந்தபோது எங்கள் பக்கத்திலும் பிடித்துக்கொண்டது. அது முடிய 2016 ஒக்டோபரில் இரண்டாம் பாகம், 2018 ஜூனில் மூன்றாம் பாகம், 2019 டிசம்பரில் நாலாம் பாகம் என்று இந்தியில் வந்துகொண்டே இருந்தது.

படிக்கிற பிள்ளைகள் இந்த நாடகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்க நிறைய இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் இடி மூன்று தரம் இடிக்கும். வீட்டிலுள்ள பத்துப் பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். கம்ப்யூட்டரில் செய்த பாம்பு சில இடங்களில் தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கும் ஹோஸ் குழாய் மாதிரி இருக்கும். குசினியில் நின்று சமைக்கிற மருமகள் கலியாணப் பெண்ணைவிடக் கூடுதலாக நகை போட்டிருப்பாள். இதையெல்லாம் நாங்களும் கண்டுதான் பார்த்தோம்.

ஏன் பார்த்தோம் என்பதற்கு என்னுடைய மாமி ஒரு நாள் பதில் சொன்னார். அவருக்குக் கண் பார்வை குறைவு, ரி.வி.க்குக் கிட்டக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். "இது பாம்புக் கதை இல்ல மகள். இது புதுசா வந்த மருமகள்ட கதை" என்றார். ஒரு பெண் தனியாக ஒரு வீட்டுக்குப் போகிறாள். அங்குள்ள எல்லோரும் ஒரு கட்சி. அவள் என்ன நினைக்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. கணவன் நல்லவன்தான். ஆனால் அவன் அந்த வீட்டின் மகன். அவனிடம் உண்மையைச் சொன்னால் அவன் தாயை இழப்பான். சொல்லாவிட்டால் இவள் தன்னையே இழப்பாள். இதிலே பாம்பை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். பாம்பு இருப்பதால் ஒரு சந்தோஷம் கூடுகிறது. எல்லோரும் ஏசும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற மருமகளுக்கு உள்ளே ஒரு நச்சுப்பல் இருக்கிறது என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். அந்த இரகசியத்துக்காகத்தான் பெண்கள் அந்த நாடகத்தின் முன்னே உட்கார்ந்தார்கள்.

முதலாம் பாகத்தின் மாமி யாமினியாக நடித்தவர் சுதா சந்திரன். 1981இல் பஸ் விபத்தொன்றில் ஒரு காலை இழந்து, செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறியவர். 'மயூரி' என்ற தெலுங்குப் படம் அவருடைய கதைதான். அதில் அவரே நடித்தார். அவர் கண்ணை உருட்டினால் போதும், இடி தேவையில்லை. வில்லியாக வந்தாலும் அந்த மாமிக்கு ஒரு பாரம் இருந்தது. அதனால் அந்த வீட்டில் மருமகளாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்கு உறைத்தது.

பாம்புப் பெண்ணின் காதல் கதை எங்களுக்கு ஏக்தா கபூர் தந்ததல்ல. துரை இயக்கத்தில் கமல்ஹாசனும் ஸ்ரீபிரியாவும் நடித்து 1979இல் வந்த 'நீயா?'வை எங்கள் தாய்மார் இன்றும் சொல்வார்கள். அது 1976இல் இந்தியில் வந்த 'நாகின்' படத்தின் தமிழ். சோடிப் பாம்பைச் சுட்டவர்களைப் பெண் பாம்பு ஒவ்வொருவராகத் தேடிப் போகிற கதை.

அதற்கும் மிகமிக முந்தியது 'மணிமேகலை'யில் சீத்தலைச் சாத்தனார் சொல்லும் பீலிவளையின் கதை. பாடசாலையில் அதைப் படித்தவர்களும் பரீட்சையோடு மறந்திருப்பீர்கள். சோழ அரசன் நெடுமுடிக்கிள்ளி, புகார்க் கடற்கரைச் சோலையில் ஒரு பெண்ணைத் தனியே காண்கிறான். அவள் நாகநாட்டு அரசன் மகள் பீலிவளை. ஒரு மாதம் அவனோடு இருக்கிறாள். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்துவிடுகிறாள். பிறந்த பிள்ளையை மணிபல்லவத்தில் ஒரு வணிகனின் கப்பலில் ஏற்றி அரசனிடம் அனுப்புகிறாள். அந்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று சொல்வோர் பலர். கப்பல் உடைகிறது. பிள்ளையைக் காணாமல் அரசன் கடற்கரையெல்லாம் தேடித் திரிகிறான். அந்தக் கவலையில் இந்திரவிழா எடுப்பதை மறக்கிறான். அதற்குத் தண்டனையாகப் புகார் நகரையே கடல் கொண்டு போகிறது.

ஒரு மாதச் சந்தோஷத்துக்கு ஒரு நகரம் விலை. சாத்தனார் கணக்கில் ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை. நாகத்தோடோ பேயோடோ மனிதன் அன்பு வைக்கும் கதைகள் எல்லாவற்றிலும் இந்த விலைதான் உயிர். வேறு உலகத்து ஆளோடு வாழ எதையாவது கொடுத்தாக வேண்டும். எதைக் கொடுக்கப் போகிறாள் என்று பார்க்கத்தான் நாங்கள் காத்திருக்கிறோம். கதை சொல்கிறவர் அந்த விலையை முதலிலேயே பேசிவிட்டு, கடைசியில் வாங்காமல் விட்டால் கேட்டவர்களுக்கு மனம் கசக்கும்.

இப்போது நாலாம் பாகத்துக்கு வருகிறேன்.

'விதியின் நச்சு விளையாட்டு' என்று பொருள் வரும் ஒரு பெயரோடு 2019 டிசம்பர் 14ஆம் திகதி இந்தியில் அது தொடங்கியது. என் சகோதரியின் மகள் கைத்தொலைபேசியில் எடுத்துத் தருவாள். அங்கம் அங்கமாகப் பார்த்தேன். மொழி பாதி விளங்காது, முகம் முழுதும் விளங்கும். தொடக்கம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மான்யதா என்ற நாகப் பெண் (சாயந்தனி கோஷ்) ஒரு மனிதனைக் கலியாணம் செய்து, கணவனை இழந்து, பல ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடக்கிறாள். அவளுடைய மகள் என்று நயன்தாரா (ஜாஸ்மின் பாசின்) வளர்கிறாள். தாய்க்காகப் பழிவாங்கப் புறப்படுகிறாள். இன்னொரு பக்கம் பிருந்தா (நியா சர்மா) என்ற சாதாரணமான பெண். மான்யதாவின் உண்மையான மகள் அவள்தான், ஆனால் அது அவளுக்கே தெரியாது. தன் தாயின் வாழ்க்கையை அழித்த குடும்பத்துக்குத்தான் அவள் மருமகளாகப் போகிறாள். கணவன் தேவ் (விஜயேந்திர குமேரியா).

சகோதரிகளே, ஒரு நிமிடம் இதை யோசித்துப் பாருங்கள். சிவன்யா தான் யார் என்று தெரிந்துகொண்டு அந்த வீட்டுக்குப் போனவள். பிருந்தா தான் யார் என்று தெரியாமலே வளர்ந்தவள். அவளுக்கு ஒரு நாள் உண்மை தெரிய வரும்போது ஒரு பக்கம் பெற்ற தாய், இன்னொரு பக்கம் கணவன். அதோடு, தன்னுடைய இடத்தில் இத்தனை காலமும் மகளாக இருந்த இன்னொரு பெண். அவளும் ஏமாற்றப்பட்டவள்தான். முதலாம் பாகத்தைவிடப் பெரிய கதை இதற்குள் இருந்தது. யாரை மகள் என்பது, பெற்றதையா வளர்த்ததையா? இந்தக் கேள்வி எத்தனை வீடுகளில் இருக்கிறது! சாச்சி வளர்த்த பிள்ளை, உம்மும்மா வளர்த்த பிள்ளை இல்லாத குடும்பம் எங்கள் ஊரில் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை அவர்கள் தொட்டார்கள், ஆனால் அதிலே தங்கவில்லை. கதை தளரும்போதெல்லாம் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் பாகத்தில் பெயர் எடுத்த விஷாகா (அனிதா ஹஸ்ஸனந்தானி) இதற்குள்ளும் வந்தாள். நயன்தாராவாக நடித்த ஜாஸ்மின் பாசின் நடுவிலேயே விலகிப் போனார். இரண்டு மகள்மாரில் ஒருத்தி போய்விட்டால் தராசில் ஒரு தட்டு போனது மாதிரித்தானே? அந்த இடத்தை நிரப்ப 2020 மார்ச்சில் ஷலாகா என்று ரஷ்மி தேசாய் வந்தார். ஓர் அங்கத்தில் இன்னார் என்று நம்பியவர் அடுத்த அங்கத்தில் வேறு ஆள். வேஷம், மாற்று உருவம், ஞாபகம் போவது, பொய்க் கலியாணம். பிருந்தா மனதுக்குள் என்ன நடக்கிறது என்று காட்ட நேரமே இல்லை. அவள் யாரையாவது துரத்திக்கொண்டிருப்பாள், அல்லது யாராவது அவளைத் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஆட்கள் மாற்றம் எல்லாம் கொவிட் முடக்கத்துக்கு முன்னே நடந்தவை. ஆகவேதான் கொரோனாவின் தலையில் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் கொரோனாவும் வந்தது, அது உண்மை. 2020 மார்ச் 19ஆம் திகதி முதல் மும்பையில் படப்பிடிப்புகள் எல்லாம் நின்றன. அடுத்த நாள், 20ஆம் திகதி, எங்கள் நாட்டில் ஊரடங்குச் சட்டம் வந்தது. அந்த நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அக்குறணைப் பக்கம் ஆட்கள் போகவும் வரவும் முடியாமல் மூடிவிட்டார்கள். மடவளை பஸாரில் கடைக் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. நோன்புக் கஞ்சியையும் வீட்டுக்குள்ளேயே காய்ச்சிக் குடித்தோம். நாடகங்கள் எல்லாம் பழையவை திரும்பத் திரும்ப ஓடின. மே மாதக் கடைசியில், நாலாம் பாகத்தைத் தொடர்ந்து நடத்தப் போவதில்லை, சில அங்கங்களில் முடித்துவிட்டு ஐந்தாம் பாகத்தைத் தொடங்கப் போகிறோம் என்று ஏக்தா கபூர் அறிவித்தார். 2020 ஓகஸ்ட் 8ஆம் திகதி நாலாம் பாகம் முடிந்தது. ஓகஸ்ட் 9ஆம் திகதி ஐந்தாம் பாகம் ஹினா கானோடு தொடங்கியது. இடையில் ஓர் இரவுதான்.

மையித்து வீட்டில் பாயைச் சுருட்டும் முன்னே கலியாணப் பந்தல் போட்ட மாதிரி எனக்குப் பட்டது. அத்தனை மாதம் பிருந்தாவோடு இருந்தவர்களுக்கு ஒரு கிழமையாவது கொடுத்திருக்கலாம்.

நாடகத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இதில் ஆச்சரியம் குறையும். முழுக் கதையையும் எழுதி முடித்துவிட்டு இவர்கள் படம் பிடிப்பதில்லை. சில அங்கங்களை முன்கூட்டி எடுத்து வைத்துக்கொண்டு, வாராவாரம் வரும் ரேட்டிங்கைப் பார்த்து, எது ஓடுகிறதோ அதை நீட்டுவார்கள், ஓடாததை வெட்டுவார்கள். ரேட்டிங் விழுந்தால் முதலில் பலியாவது நிதானம். ஒரு பெண் யோசித்துக்கொண்டு யன்னலோரம் நிற்கும் காட்சிக்கு ரேட்டிங் ஏறாது என்று யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த யன்னலோரக் காட்சிகள்தான் முதலாம் பாகத்தைத் தூக்கி நிறுத்தின.

எங்கள் குடும்பத்தில் ஒரு தங்கை இருக்கிறாள். சாச்சியின் மகள். கலியாணம் முடித்துத் தூரத்து ஊருக்குப் போனவள். பெயரும் ஊரும் வேண்டாம். ஞாயிறு பின்னேரத்தில் எனக்குக் கோல் எடுப்பாள். மூன்றாம் பாகம் தொடங்கிய நாளிலிருந்து அந்த வழக்கம். நான் எப்படி இருக்கிறேன், அவள் எப்படி இருக்கிறாள் என்ற பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு நாகினி. நாலாம் பாகம் வந்த பிறகு அரை மணித்தியாலம் பிருந்தாவைப் பற்றியே பேசுவாள். "ராத்தா, பிருந்தா வாயத் தொறந்து தேவ்கிட்ட எல்லாத்தையும் செல்லினா என்ன?" என்று கேட்பாள். இன்னொரு நாள், "அவனுக்குத் தெரிஞ்சாலும் அவன் உம்மாட பக்கம்தான் பேசுவான், பாருங்களே" என்பாள். ஒரு கிழமை, "அந்த வீட்டுல ஒரு ஆளாவது அவக்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டீக்காங்களா?" என்றாள்.

மூன்றாவது கேள்வியில்தான் எனக்குச் சாடையாக விளங்கியது. நாடகத்தில் பிருந்தா சாப்பிட்டாளா இல்லையா என்று எவரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் அதைக் கவனிக்கிறவள் யார்? அவள் பிருந்தா என்று சொல்லும்போது வேறொருத்தியைச் சொல்கிறாள். நானும் தேவ் என்று சொல்லும்போது வேறொருவனை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினேன். "அவன் நல்லவன், ஆனா யாராவது எடுத்துச் சொல்லணும்" என்பேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். இப்படி எங்கள் இருவருக்கும் இடையில் அந்த நாடகம் ஒரு திரைச்சீலையாகத் தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று பேசலாம். வெட்கமில்லை, பயமில்லை, கோள் சொன்ன பாவமில்லை.

அதனால்தான் நாலாம் பாகம் அவசரமாக மூடப்பட்டது எனக்கு வெறும் பொழுதுபோக்குச் சங்கதியாகப் படவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அந்த நாடகம் பதில் சொல்லப் போகிறது என்று அவள் நம்பினாள். நானும் கொஞ்சம் நம்பினேன். பிருந்தா என்ன செய்வாள், எதைக் கொடுத்து எதை வைத்துக்கொள்வாள் என்பதற்காகத்தானே காத்திருந்தோம். கடைசி அங்கங்களில் சண்டையும் சாபமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

இது இந்திய நாடகக்காரர்களுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்காவில் ஸ்டெபனி மேயர் என்ற பெண் எழுதிய 'ட்வைலைட்' நாவல் தொடர் உலகமெங்கும் இளம் பெண்களைப் பைத்தியமாக்கியது. இரத்தம் குடிக்கும் வேம்பயர் இளைஞன் ஒருவனை பெல்லா என்ற மாணவி காதலிக்கும் கதை. முதல் நாவல் 2005இல் வந்தது. நாலாவது நாவல் 'பிரேக்கிங் டோன்' 2008 ஓகஸ்ட் 2ஆம் திகதி வெளியானது. முதல் நாளில் மட்டும் அமெரிக்காவில் 13 இலட்சம் பிரதிகள் விற்றன. அங்கேயும் நாலாம் பாகம்தான் வில்லங்கம்! வாசித்துவிட்டு ஆத்திரப்பட்டு, புத்தகத்தைக் கடையில் திருப்பிக் கொடுங்கள் என்று மற்ற வாசகர்களைத் தூண்டியவர்களும் இருந்தார்கள்.

கண்டியில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கி அதை நான் வாசித்திருக்கிறேன். தடித்த புத்தகம், தலையணைக்குப் பதிலாக வைக்கலாம். முதல் மூன்று நாவல்களும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: பெல்லா வேம்பயராக மாறினால் தாய் தகப்பனை இழப்பாள், மனித வாழ்க்கையை இழப்பாள், இரத்த வெறியோடு பல காலம் போராடுவாள். நாலாவதில் அவள் மாறுகிறாள். ஒன்றையும் இழக்கவில்லை. தகப்பன் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். வெறி வந்த இடம் தெரியாமல் அடங்குகிறது. ஒரு பிள்ளையும் கிடைக்கிறது. அவளைக் காதலித்து ஏமாந்த ஓநாய் இளைஞன் ஜேக்கப்புக்கும் ஒரு வழி செய்ய வேண்டுமே என்று, அன்று பிறந்த அந்தக் குழந்தையோடு அவனுடைய விதியை முடிச்சுப் போட்டுவிடுகிறார் ஆசிரியை. அந்த இடத்தில் எனக்குப் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது. ஒரு குழந்தையைப் பார்த்து அப்படி ஒரு சிந்தனையா! கடைசியில் உலகத்து வேம்பயர்கள் எல்லோரும் பனித்தரையில் சண்டைக்கு அணிவகுத்து நிற்கிறார்கள். நூறு பக்கத்துக்கு மேல் ஆயத்தம். பிறகு பேசிவிட்டுக் கலைந்து போகிறார்கள்.

இதைச் சினிமா எடுத்தவர்களுக்கே இது போதாது என்று பட்டிருக்கிறது. 2012இல் வந்த கடைசிப் படத்தில் ஒரு பெரிய சண்டையை வைத்தார்கள். தலைகள் உருளுகின்றன, பிரியமானவர்கள் சாகிறார்கள். பிறகுதான் அது ஒருத்தி கண்ட வருங்காலக் காட்சி என்று தெரிகிறது. விலையைக் கொஞ்ச நேரம் கண்ணில் காட்டிவிட்டுத் திருப்பிப் பையில் போட்டுக்கொண்ட மாதிரி. அப்படியாவது காட்டினார்களே.

மேயருக்குக் கொரோனா இல்லை, ரேட்டிங் இல்லை, நடிகை விலகிப் போன பிரச்சினை இல்லை. மேசையும் நேரமும் இருந்தன. அப்படியிருந்தும் அதே இடத்தில்தான் வழுக்கியது. தன் கதாநாயகிமேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அவளிடம் விலை கேட்க மனம் வரவில்லை. ஏக்தா கபூரின் ஆட்களுக்கு எதிர்ப்பக்கத்துக் குறை. அவர்களுக்கு பிருந்தாவின் மேல் பிரியம் போதவில்லை. ஒருத்தி போனால் இன்னொருத்தி.

ஒரு விடயத்தில் மட்டும் நான் வாசகர் பக்கம் நிற்க மாட்டேன். சார்லேன் ஹாரிஸ் என்ற இன்னொரு அமெரிக்க எழுத்தாளர், சூக்கி என்ற உணவுக்கடைப் பணிப்பெண்ணை வைத்துப் பதின்மூன்று நாவல்கள் எழுதினார். 2013 மே மாதம் கடைசி நாவல் வந்தது. சூக்கி வேம்பயர் எரிக்கோடு சேரவில்லை. தான் வேலை செய்த கடையின் சொந்தக்காரன் சாமின் பக்கம் போகிறாள். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். எழுத்தாளருக்கு மிரட்டல்கூட வந்தது. அது அநியாயம். நான் நினைத்த மாப்பிள்ளையை அவள் முடிக்கவில்லை என்பது என்னுடைய ஆசை. அதற்கு எழுத்தாளர் கடமைப்பட்டவர் அல்ல. அவள் பகலும் வெளிச்சமும் உள்ள வாழ்க்கையைத் தெரிந்தெடுத்தாள், அதற்காக எரிக்கைக் கொடுத்தாள். விலை கொடுக்கப்பட்டுவிட்டது. எனக்கு அந்த முடிவில் குறை சொல்லத் தோன்றவில்லை.

தமிழிலும் 2019 மே மாதத்தில் 'நீயா 2' வந்தது. ஜெய், ராய் லட்சுமி, கேத்தரின் தெரேசா, வரலட்சுமி என்று நடிகர் பட்டாளம் பெரிது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டதும் என் சாச்சி ஆசையோடு உட்கார்ந்தார். பழைய கதையின் தொடர்ச்சி அல்ல, பெயர் மட்டும்தான் பழையது. பாதியில் எழுந்து பிளேன்டி ஊற்றப் போனவர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

நாகினி அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2022 பெப்ரவரியில் ஆறாம் பாகம் வந்தபோது, நோய்த்தொற்றையே பகை நாடொன்று அனுப்பிய விஷமாக்கி, நாட்டைக் காப்பாற்றும் வேலையைப் பாம்பிடம் கொடுத்தார்கள். மருமகளுக்கு இருந்த வேலை போதாதென்று நாட்டின் பாதுகாப்பும்! அந்த ஆண்டு எங்களுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கறன்ட் இல்லாத நாட்களும் இருந்தன. நான் பார்த்தது நாலைந்து அங்கம்தான்.

என் தங்கையின் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். 2020 ஓகஸ்டில் நாலாம் பாகம் முடிந்த மறுநாளும் ஞாயிறுதான். கோல் எடுத்தாள். "புது பாகத்துல பிருந்தா வருவாவா ராத்தா?" என்று கேட்டாள். வர மாட்டாள், இது வேறு ஆட்கள் என்றேன். "அப்ப அவ்வளவுதானா?" என்றாள். அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் கோல் வரவில்லை. நான் எடுத்தாலும், சுகம்தான், பிள்ளை தூங்குகிறது என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவாள். பேசுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. பிருந்தாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களே.

ஒக்டோபர் மாதமாக இருக்க வேண்டும், ஓர் இரவு பத்து மணிக்குப் பிறகு கோல் வந்தது. ஞாயிறும் இல்லை. நாடகம் எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. "ராத்தா, என்ட மாமி இன்டைக்கு என்னத்த செல்லினா தெரியுமா?" என்று தொடங்கினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, குசினிப் பலகையில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினாள்.